தகடுகளுக்கு நடுவே ஒரு தரை

வடிகட்டாத டீயைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பாருங்கள். டீத்தூள் ஓரத்தில் ஒதுங்காது. அடியில், நட்ட நடுவில் குவிந்து கிடக்கும். சுழல்கிற பொருள் வெளியே அல்லவா போக வேண்டும்? ஏறத்தாழ இதே கேள்வியை ஆற்றிடம் கேட்டவர் ஜேம்ஸ் தாம்சன். கிளாஸ்கோவில் பொறியியல் பேராசிரியர், லார்ட் கெல்வினின் அண்ணன். 1876இல் அவர் சொன்ன விடை இது: ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையோரம் அழுத்தம் கூடுகிறது. மேலே விரைந்தோடும் நீர் அதைத் தாங்கிக்கொள்கிறது. தரையோடு உரசி வேகம் இழந்த நீரால் தாங்க முடிவதில்லை. மணலையும் அள்ளிக்கொண்டு உள்கரைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1926இல், ஐன்ஸ்டைனும் தேநீர்க் கோப்பையை வைத்தே ஆற்று வளைவுகளை விளக்கி எழுதினார்.

இடையில் 1884இல் சார்லஸ் பார்சன்ஸ் தம் நீராவி டர்பைனைச் செய்துவிட்டார். அதன் இரண்டு தகடுகளுக்கு இடையிலான பாதையும் வளைந்த ஆறுதான். ஒரு தகட்டின் குழிந்த முகத்தில் அழுத்தம் அதிகம், அடுத்த தகட்டின் குவிந்த முகத்தில் குறைவு. தகட்டின் அடியில் இருக்கும் சுவரை ஒட்டி மெதுவாக வரும் நீராவி அந்த வேறுபாட்டுக்குப் பணிந்து குறுக்கே பாய்ந்து, சுருண்டு, பெரிய சுழியாகிறது. இதைத்தான் பொறியாளர்கள் இரண்டாம் நிலை ஓட்டம் என்கிறார்கள். பெயரைக் கேட்டு அற்பமாக எண்ண வேண்டாம். ஒரு தகட்டு வரிசையின் காற்றியக்க இழப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இதற்கே போய்விடக்கூடும்.

1951இல் வில்லியம் ஹாதார்ன் இந்த ஓட்டத்துக்குக் கணிதம் எழுதினார். 1977இல் அமெரிக்காவில் லீ லாங்ஸ்டனும் கூட்டாளிகளும் பெரிய அளவில் தகட்டு வரிசை ஒன்றை அமைத்து, சுழி எங்கே பிறந்து எப்படி வளர்கிறது என்று அளந்து காட்டினார்கள். நோய் தெரிந்துவிட்டது. மருந்தை மட்டும் எல்லோரும் தகட்டிலேயே தேடினார்கள்: தகட்டை முறுக்கினார்கள், சாய்த்தார்கள், வில்லாக வளைத்தார்கள். சுவரைத் தொட்டவர்கள் மிகச் சிலர். மாஸ்கோவில் டெய்ச் 1960 வாக்கில் மேற்சுவரைச் சரிவாக்கிப் பார்த்தார். அதுவும் சுற்றிலும் ஒரே வடிவமுள்ள சரிவுதான். கடைசல் இயந்திரத்தில் பிறந்த உருளை வடிவம், இயற்கை விதி போலவே மனங்களில் பதிந்துவிட்டிருந்தது.

அந்தப் பழக்கத்தை உடைத்ததில் பெரும்பங்கு, விமான எஞ்சின்கள் செய்யும் ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய மார்ட்டின் ரோஸுக்கு உண்டு. 1994இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் நோக்கம் சுழியை அடக்குவதுகூட அல்ல. டர்பைனில் சுழலாமல் நிற்கும் நிலைத் தகடுகளுக்குப் பின்னால் சுற்றுவட்டத்தில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அழுத்தம் கூடிய இடங்களில் சூடான வாயு, சுழலும் வட்டுக்கு முன்னாலுள்ள இடுக்கில் நுழையப் பார்க்கிறது. அதைத் தடுக்கக் குளிர்ந்த காற்றைச் செலவழிக்க வேண்டியிருந்தது. சுவரையே மேடு பள்ளமாக்கினால் அழுத்தம் சமமாகும் என்றார் ரோஸ்.

அந்த மேடு பள்ளம் சுழிக்கும் மருந்தானது. குழிந்த முகத்தருகே சுவரில் ஒரு மேடு வைத்தால், அதன் மேல் ஏறும் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. குவிந்த முகத்தருகே ஒரு பள்ளம் வைத்தால், அங்கே வேகம் தணிந்து அழுத்தம் ஏறுகிறது. இரு பக்கமும் நெருங்கிவர, குறுக்கே பாயும் காற்றின் வேகம் தளர்கிறது. ரோல்ஸ் ராய்ஸின் நீல் ஹார்வி குழுவினர் வடிவமைக்க, டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரகரி ஸ்மித்தின் ஆய்வகம் சோதித்தது. 2000இல் முடிவுகள் அச்சேறின. அடுத்து ட்ரென்ட் 500 எஞ்சினின் உயரழுத்த டர்பைன் மாதிரியில் செய்த சோதனையில் திறன் 0.59 சதவீதம் கூடியது. அளவீட்டுப் பிழை 0.25. ஒரு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றலாம். முதிர்ந்த எஞ்சின் ஒன்றில், வெறும் சுவரை மாற்றி இவ்வளவு பெறுவது பெரிய அறுவடை.

எதுவரை போகலாம் என்றும் டர்ஹாமில் பார்த்தார்கள். மேடு பள்ளத்தைத் துணிந்து கூட்டினார்கள். சுழி எதிர்பார்த்தபடியே தணிந்தது. ஆனால் இழப்பு கூடியது! சுவரோடு வந்த காற்றின் ஒரு பகுதி வழியிலேயே சுவரைவிட்டுப் பிரிந்து, சுழியின் நடுவுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. கணினிக் கணக்கு இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. காற்றுச் சுரங்கத்தில் அழுத்தமானியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அளந்தவர்களே கண்டுபிடித்தார்கள். 2005இல் அவர்கள் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். இந்த வரலாற்றில் மிக மதிப்புள்ள பக்கம் அதுதான். சுழி குறைந்தால் இழப்பும் குறையும் என்ற நம்பிக்கை அங்கே முடிவுக்கு வந்தது.

2007 அக்டோபர் 25 அன்று ஏர்பஸ் ஏ380 தன் முதல் வணிகப் பயணமாகச் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்தது. அதன் நான்கு ட்ரென்ட் 900 எஞ்சின்களிலும் டர்பைன் சுவர்கள் மேடும் பள்ளமுமாகவே இருந்தன.