இளையோர் வன்முறைத் தடுப்பு ஆய்வு நிதி (அமெரிக்கா)

இளையோர் வன்முறைத் தடுப்பு ஆய்வு நிதி என்பது, 10 முதல் 24 வயதுக்குட்பட்டோரிடையே நிகழும் அடிதடி, கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு போன்றவற்றை முன்கூட்டியே தடுக்கும் வழிகளைக் கண்டறிய அமெரிக்கக் கூட்டரசும் தனியார் அறக்கட்டளைகளும் வழங்கும் பணம். வறுமையும் வேலையின்மையும் மிகுந்து, துப்பாக்கி எளிதில் கைக்குக் கிடைக்கும் நகர்ப்புறப் பகுதிகளே இவ்வாய்வுகளின் முதன்மைக் களம். அந்நாட்டின் கறுப்பின இளைஞர்களின் இறப்புக்குக் கொலையே முதல் காரணமாக இருப்பதால், இது காவல்துறையின் கவலை மட்டுமன்று. பொதுச் சுகாதாரத்தின் தலையாய கடமையும் ஆகும்.

வரலாறு

நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் (சிடிசி) 1983-இல் வன்முறை ஆய்வுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. கொள்ளைநோயைப் போலவே வன்முறையையும் அளந்து, காரணம் கண்டு, தடுக்க முடியும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. 1992-இல் சிடிசிக்குள் தேசியக் காயத் தடுப்பு மையம் உருவானது.

1996-இல் இம்முயற்சிக்குப் பெரிய தடை வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பரப்புவதற்குக் காயத் தடுப்பு நிதியைச் செலவிடக் கூடாது என்ற ‘டிக்கி திருத்தம்’ நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. துப்பாக்கிக் காய ஆய்வுக்கு அதற்கு முந்தைய ஆண்டு செலவான 26 லட்சம் டாலரும் வேறு பணிக்கு மாற்றப்பட்டது. சட்டம் ஆய்வை நேரடியாகத் தடைசெய்யவில்லை. ஆயினும் அதிகாரிகள் அஞ்சி ஒதுங்கியதால், ஏறத்தாழ கால் நூற்றாண்டு அத்துறை வறண்டு கிடந்தது. திருத்தத்தைக் கொண்டுவந்த ஜே டிக்கியே 2012-இல் அந்த ஆய்வுகளுக்கு நிதி வேண்டும் என்று எழுதினார். 2020 நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, சிடிசிக்கும் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது.

இதற்கிடையே, 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலை நாட்டை உலுக்கியது. அதையடுத்து, 2000-இல் இளையோர் வன்முறைத் தடுப்புக்கான தேசிய உயர் சிறப்பு மையங்களைப் பல்கலைக்கழகங்களில் சிடிசி நிறுவியது. மிச்சிகன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ, வர்ஜீனியா காமன்வெல்த், கொலராடோ, லூயிவில் ஆகிய பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு காலங்களில் இம்மானியத்தைப் பெற்றுள்ளன. அருகிலுள்ள பாதிக்கப்பட்ட பகுதியின் மக்களோடு கைகோத்து ஆய்வு நடத்த வேண்டும் என்பது இதன் முக்கிய நிபந்தனை.

முக்கிய ஆய்வுகள்

சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிப் பள்ளிகளில் நடக்கும் ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தில் மாணவர்கள் இருவர் இருவராக அமர்கிறார்கள். ஒருவன் கைக்குள் ஒரு பந்து; முப்பது நொடியில் மற்றவன் அதை வாங்கிவிட வேண்டும். பெரும்பாலும் இழுபறியும் மல்லுக்கட்டும்தான் நடக்கும். “ஏன் கேட்டுப் பார்க்கவில்லை?” என்று பயிற்றுநர் பிறகு வினவுவார். சினத்தில் உடனே பாயாமல் ஒரு கணம் நின்று யோசிக்கப் பழக்குவதே இப்பயிற்சியின் நோக்கம். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஒப்பிட்டபோது, திட்டக் காலத்தில் வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு குறைந்திருந்தன. திட்டம் முடிந்த பிறகு கைதுகளில் அப்பயன் நீடித்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

அதே நகரில் 1,634 மாணவர்களை உட்படுத்திய கோடைக்கால வேலைத் திட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. எட்டு வாரம் கூலியுடன் வேலை வாய்ப்புப் பெற்றவர்களிடையே, 16 மாதங்களில் வன்முறைக் கைதுகள் 43 விழுக்காடு குறைந்தன.

ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. வாகனத் தொழில் நலிந்து மக்கள் வெளியேறிய ஃபிளிண்ட் நகரிலும், குடியிருப்போரே பராமரித்த மனைகள் உள்ள தெருக்களில் வன்முறை குறைந்திருந்ததை மிச்சிகன் பல்கலைக்கழக மையம் கண்டறிந்தது.

நிதியின் நிலையின்மை

சிறப்பு மையங்களுக்கான மானியம் ஐந்தாண்டுச் சுற்றுகளாகவே வழங்கப்படுகிறது. பத்து வயதுச் சிறுவன் ஆபத்தான பருவத்தைக் கடக்க அதைப் போல் மூன்று மடங்கு காலம் ஆகும். பயன் நீடிக்கிறதா என்று அறிவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடுவது இத்துறையின் பெருங்குறை. ஆய்வாளர்கள் பாதியில் விலகும்போது, அவர்களை நம்பி வீட்டுக் கதவைத் திறந்த மக்களின் நம்பிக்கையும் உடைகிறது.

அரசியல் மாற்றங்களும் உடனே தாக்குகின்றன. 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, சமூக அளவிலான வன்முறைத் தடுப்புக்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் நூற்றுக்கணக்கான மானியங்களைத் திடீரென நிறுத்தியபோது, இத்துறை அமைப்புகள் பலவும் பாதிக்கப்பட்டன. மாறாக, இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக 2019-இல் தொடங்கப்பட்ட யூத் எண்டோமென்ட் ஃபண்டுக்கு, பத்தாண்டுகளுக்கென 20 கோடி பவுண்டு தொடக்கத்திலேயே வழங்கப்பட்டது. எது பலன் தருகிறது என்பதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்க இத்தகைய நீண்டகால உறுதி இன்றியமையாதது. அமெரிக்காவின் ஆபத்து மிகுந்த பகுதிகளில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த உறுதி இன்னும் கிடைக்கவில்லை.