காட்டோரத்தில் ஒரு பள்ளி



கேமரன் மலையின் வரலாறு என்றதும், 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்ததையும் 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதையும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். காட்டையும் பாடமாக்கிய ஒரு பள்ளி இங்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கியதை நம்மில் பலர் அறியோம்.

அதன் பெயர் சீஃபூ பள்ளி. ஹட்சன் டெய்லர் நிறுவிய சீன உள்நாட்டு மிஷன், 1881இல் சீனாவின் சீஃபூ (இன்றைய யாந்தாய்) நகரில் தொடங்கிய கிறித்துவ விடுதிப் பள்ளி அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதன் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சிறைப்பிடித்தனர். பலர் 1945 வரை வெய்சியன் முகாமில் அடைபட்டிருந்தனர். கம்யூனிஸ்டு ஆட்சி வந்தபின் மிஷன் சீனாவைவிட்டு வெளியேறியது. 1952இல் தானா ராட்டாவின் காட்டோரத்தில் பள்ளி மறுபிறவி எடுத்தது, 2001இல் மூடப்பட்டது.

அவசரகாலம் (1948–1960) நீடித்த ஆண்டுகள் அவை. காடு என்றாலே அச்சம். ஆயினும் பின்னாளில் அப்பிள்ளைகளுக்குக் காட்டுப் பாதைகளில் நடப்பதும், ஓடையில் அணைகட்டி விளையாடுவதும் வளர்ச்சியின் பகுதியாயின. ஒன்றை மறக்கலாகாது: அவர்கள் பெற்றோரைப் பிரிந்து, மாதக்கணக்கில் விடுதியில் வாழ்ந்த சிறுவர்கள்.

அதே மலையில் நம் முன்னோர் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டியிருந்தது. அப்படிப் பள்ளி கிடைத்தது. காடோ பாம்பும் அட்டையும் உள்ள இடமாகவே நின்றுவிட்டது.

பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியை என் மாணவர்கள் பிழையின்றி வரைவார்கள். நேரில் பார்த்தவர் யார் என்று ஒருநாள் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. அச்செடி வளரும் மலைக்காடோ அவர்கள் வீட்டிற்கு வெகு அருகில்! அடுத்த வாரம் பெற்றோரின் ஒப்புதலோடு காட்டோரம் சென்றோம். உடன்வந்த ஒரு மாணவியின் பாட்டி, கொழுந்து பறித்துக் காய்த்த கையால் கீரைகளையும் மூலிகைகளையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். பல எனக்கே புதியவை.

சீஃபூ பிள்ளைகளுக்கு அருகில் இல்லாத பெற்றோரும் பாட்டிமாரும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. காடும் இன்னும் எஞ்சியிருக்கிறது. இரண்டும் இருக்கும்போதே அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோமாக.