கழிவுநீர் எதிரேறிய வாரம்: 1955 தில்லிக் காமாலையும் ஒருவழிக் கதவுகளின் வரலாறும்

 

ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்திய நகரங்களின் தரைத்தள வீடுகளில் ஒரே காட்சி அரங்கேறுகிறது. குளியலறையின் தரைத்துளை வழியாகச் சாக்கடை நீர் மேலெழுந்து கூடத்தை நிறைக்கிறது. வெளியேற வேண்டிய நீர் உள்ளே வருகிறது. இதனை ஒரு குழாய்ப் பணியாளரின் சிக்கல் என்று கருதிக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆயினும் நீரின் இந்தப் பின்னோட்டத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகக் கொடிய இந்திய அத்தியாயம் 1955ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் தலைநகரில் எழுதப்பட்டது.

முதலில் நிலவியல். யமுனை வடக்கிலிருந்து தெற்காகத் தில்லியைக் கடக்கிறது. நகரின் வட எல்லையை ஒட்டிய வஜீராபாத்தில் ஆற்றுநீர் ஏற்றப்பட்டு, சந்திராவல் நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, குழாய்களின் வழியே வீடுகளுக்குச் சென்றது. வஜீராபாத்திற்குச் சற்றே கீழே, மேற்குப் புறத்திலிருந்து நஜஃப்கர் வடிகால் யமுனையில் கலக்கிறது. இன்று எல்லோரும் அதனை நாலா என்றே அழைக்கின்றனர். உண்மையில் அது ராஜஸ்தானத்தின் ஆரவல்லிப் பகுதியில் தோன்றிய சாஹிபி என்னும் ஆற்றின் இறுதிப் பகுதி. நஜஃப்கர் ஏரியில் தேங்கிய அதன் நீரை வடிப்பதற்காக வெட்டப்பட்ட கால்வாய், நகரம் பெருகப் பெருகக் கழிவுநீரின் பாதையாக மாறிற்று.

குடிநீர் எடுக்கும் இடம் மேலே, கழிவுநீர் கலக்கும் இடம் கீழே. தாளில் வரைந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டில் குறை ஏதும் தெரியாது. ஆறு எப்போதும் ஒரே திசையில், ஒரே தடத்தில், போதிய விசையுடன் ஓடும் என்ற நம்பிக்கையின் மீது அது கட்டப்பட்டிருந்தது. நீர் உயரத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே அறியும், திசையை அறியாது. எங்கு மட்டம் தாழ்கிறதோ அங்கு செல்லும்.

இதனிடையே நகரத்தின் அளவு மாறிவிட்டது. 1941 கணக்கெடுப்பின்படி தில்லியின் மக்கள்தொகை சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம். 1951இல் அது 17 லட்சத்து 44 ஆயிரம். பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து சேர்ந்த மக்களை முகாம்களும் புதிய குடியிருப்புகளும் ஏற்றுக்கொண்டன. அவர்களுடைய கழிவுநீரை ஏற்றுக்கொள்ளும் கட்டமைப்பு அதே வேகத்தில் எழவில்லை. நஜஃப்கர் வடிகாலின் சுமை கூடிற்று.

1955 மழைக்கால இறுதியில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் பழைய தடத்திற்குத் திரும்பாமல், நீரேற்று நிலையத்தை விட்டு விலகி ஓடத் தொடங்கிற்று. வஜீராபாத் கரையோரம் வலுவற்ற கிளையோட்டம் மட்டும் எஞ்சியது. ஆற்றின் விசை அற்றுப்போன அந்த இடத்தில், கீழே கலந்துகொண்டிருந்த நஜஃப்கர் வடிகாலின் நீர் எதிரேறி, குடிநீர் உறிஞ்சும் வாயை அடைந்தது. நவம்பர் மாதத்தின் நடுவில் ஏறத்தாழ ஒரு வாரம் இந்த நிலை நீடித்தது.

நிலையத்தில் இருந்தோர் ஆபத்தை உணராதவர் அல்லர். படிகாரத்தின் அளவையும் குளோரினின் அளவையும் கூட்டினர். அந்நடவடிக்கைக்குப் பயனும் இருந்தது. அக்காலத்தில் நீர்வழிப் பரவும் என அஞ்சப்பட்ட டைஃபாய்டு முதலிய பாக்டீரியா நோய்கள் நகரில் பெருகவில்லை. நீர் காப்பாற்றப்பட்டுவிட்டது என்றே தோன்றியிருக்கும்.

ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து உண்மை வெளிப்பட்டது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லி முழுவதும் மஞ்சள் காமாலை வெடித்தது. கண்ணும் தோலும் மஞ்சளித்து நோய் வெளிப்படையாகத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் 29,300 என்று மதிப்பிடப்பட்டது. ஆர். விஸ்வநாதன் தலைமையில் செய்யப்பட்ட ஆய்வு 1957இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் சிறப்பு இணைப்பாக வெளிவந்தது. நீர்வழி நோய்த்தொற்றுகளின் வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆவணம் அது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின், கழிவும் கலங்கலும் மிகுந்த அந்த நீரில் வைரஸை வெல்லவில்லை என்பதே அதன் கசப்பான பாடம்.

அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் புதிராக நின்றன. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர். 15 முதல் 40 வயதிற்குட்பட்டவர்கள். கருவுற்ற பெண்களிடையே இறப்பு விகிதம் மற்றவர்களைவிட மிக அதிகம். அன்று அறியப்பட்டிருந்த தொற்றுக் காமாலையின் இயல்புக்கு இவை பொருந்தவில்லை. விடை கிடைக்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது சேமித்து வைக்கப்பட்ட குருதிநீர் மாதிரிகளை மீண்டும் சோதித்த ஆய்வாளர்கள், அது ஹெபடைடிஸ் ஏ அன்று, பி அன்று, வேறொரு வைரஸின் வேலை என்று 1980இல் அறிவித்தனர். அதே ஆண்டில் காஷ்மீரத்தில் 1978இல் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் குரூவும் இதே முடிவுக்கு வந்தார். 1983இல் சோவியத் ஆய்வாளர் பலயான் தம் உடலையே சோதனைக்களமாக்கி அந்த வைரஸை நுண்ணோக்கியில் கண்டார். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் இ. ஒரு வைரஸ் உலக மருத்துவ அறிவுக்குள் நுழைந்த கதை, ஒரு சாக்கடை தவறான திசையில் ஓடிய வாரத்தோடு இவ்வாறு பிணைந்திருக்கிறது.

தில்லி இதற்குக் கண்ட பொறியியல் விடை என்ன? 1959இல் வஜீராபாத்தில் யமுனையின் குறுக்கே கதவணை எழுந்தது. குடிநீர் அதன் மேற்புறத்தில் தேக்கி எடுக்கப்படுகிறது. நஜஃப்கர் வடிகால் அதன் கீழ்ப்புறத்தில் கலக்கிறது. நீரைத் தேக்குவது அதன் வெளிப்படையான பணி. கீழ்நீர் மேல்நீரைத் தொடாமல் காப்பது அதன் மற்றொரு பணி. சுருங்கச் சொன்னால், ஒரு நகரம் முழுமைக்குமான பின்னோட்டத் தடுப்பு அது.

இந்த ஒருவழிக் கதவு என்னும் கருத்து மிகப் பழையது. கொல்லன் உலையின் துருத்தியில் காற்றை உள்ளே விட்டு, வெளியே விடாமல் மூடிக்கொள்ளும் தோல் மடல் அதன் எளிய வடிவம். 1603இல் ஃபாப்ரிசியஸ் மனித உடலின் சிரைகளுக்குள் சிறு மடல்கள் இருப்பதை விரிவாக விவரித்து நூல் வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, அம்மடல்கள் குருதியை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதை உணர்ந்து, 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார். நம் கிணற்று மோட்டாரின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு செய்வதும் இதையே. உறிஞ்சும்போது திறக்கிறது; நின்றவுடன் மூடி, குழாயில் ஏறிய நீரைக் கீழே விடாமல் தாங்குகிறது. குடிநீர்ப் பணிகளுக்கான இத்தகைய மடல் வால்வுகளுக்கு ஐ.எஸ். 5312 என்னும் இந்தியத் தரவரையறையே உண்டு.

கடலும் ஓதமும் அண்டிய நகரங்களில் இக்கதவின் தேவை இன்னும் கூர்மையானது. கொல்கத்தாவில் ஹூக்ளியின் ஓதம் ஏறும்போது வடிகால் மதகுகளை மூட வேண்டும். மூடாவிட்டால் ஆறு நகருக்குள் வரும்; மூடினால் நகரின் மழைநீர் வெளியேற வழியில்லை. மழையும் உயர் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் தெருக்கள் ஏரிகளாகும். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும், மழைநீர் வடிகால்களின் வாய்களை உயர் ஓதம் மறித்து நின்றது. பின்னோட்டத்தைத் தடுக்கும் கதவு, முன்னோட்டத்தையும் தடுக்கும். எனவே கதவோடு நீரேற்றும் எந்திரமும் சேர்ந்தால்தான் அது முழுமையான காப்பு ஆகும்.

இந்தப் பெரிய விதிகளே நம் வீட்டு வாசலில் சிறிய அளவில் செயல்படுகின்றன. அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவு தரும்.

முதலாவது கழிவுநீர். தெருச் சாக்கடை நிரம்பி, அதன் நீர்மட்டம் வீட்டின் தரைத்துளையைவிட உயர்ந்தால், சாக்கடை வீட்டுக்குள் வரும். வீட்டிலிருந்து செல்லும் குழாயில் மடல் வால்வு ஒன்றைப் பொருத்தினால், எதிர்நீரின் அழுத்தமே அம்மடலை மூடிவிடும். ஆனால் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். மடல் மூடியிருக்கும் நேரத்தில் நம் வீட்டுக் கழிவும் வெளியேறாது. அப்போது மாடியில் குளித்தால் தரைத்தளம் நம் நீராலேயே நிரம்பும். ஆகவே தாழ்வான தளத்தின் கிளைக்குழாயில் மட்டும் வால்வைப் பொருத்தி, மேல்தளங்களின் கழிவை அதற்கு அப்பால் இணைப்பது நன்று. இரண்டாவதாக, முடியும் துணியும் சிக்கிய மடல் பாதி திறந்தே நிற்கும். அவ்வாறான வால்வு, இல்லாத வால்வுக்குச் சமம். மூன்றாவதாக, அதனைத் தூய்மை செய்யக் கையெட்டும் ஆழத்தில், மூடியுடன் கூடிய தொட்டி வேண்டும். ஆழ்குழிக்குள் மனிதரை இறக்கித் தூய்மை செய்யும் நிலையை ஒரு வீட்டின் வசதிக்காக உருவாக்குதல் அறமன்று. கையால் மலமள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றமும் ஆகும்.

இரண்டாவது குடிநீர். நம் நகரங்கள் பலவற்றில் குழாய்நீர் நாளுக்குச் சில மணி நேரமே வருகிறது. விநியோகம் நின்றவுடன் குழாயின் உள்ளழுத்தம் வீழ்கிறது. ஒரே சந்தில், ஓர் அடி இடைவெளியில், குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கிடக்கின்றன. குடிநீர்க் குழாயின் இணைப்பு கசிந்தால், அழுத்தம் இருக்கும்போது நீர் வெளியே கசியும். அழுத்தம் இல்லாதபோது மண்ணிலுள்ள அழுக்குநீர் உள்ளே நுழையும். தில்லிவாசிகள் டுல்லு பம்பு என்றழைக்கும் சிறு மோட்டாரைப் பொதுக் குழாயில் நேரடியாக இணைத்து உறிஞ்சுவோர் இந்நுழைவை விரைவுபடுத்துகின்றனர். தெருவிலேயே நீர் கெட்டுவிட்டால், வீட்டு வாசலில் பொருத்தும் நான் ரிட்டர்ன் வால்வு அதனைத் தூய்மையாக்காது. நம் வீட்டு நீர் பொதுக் குழாய்க்குத் திரும்பாமல் காப்பதே அதன் பணி. அதாவது அது நம்மைவிட அண்டை வீட்டாரையே அதிகம் காக்கிறது.

இப்பணியைச் சிறிதென்று எண்ணலாகாது. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, விடுதிகளின் குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தவறுதலாகக் கலந்ததால் அமீபிய வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் மாண்டனர். சோப்பு நீர் நிறைந்த வாளிக்குள் ரப்பர் குழாயின் முனையை மூழ்கவிட்டு மறந்துபோகும் நம் வழக்கமும் அதே இனத்தைச் சேர்ந்ததே. பொதுக் குழாயில் உறிஞ்சல் ஏற்பட்டால் அவ்வாளி நீர் குடிநீரோடு சேரும். இதற்கு வால்வு கூடத் தேவையில்லை. குழாயின் முனைக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே சற்று வெற்றிடம் இருந்தால் போதும். காற்றைத் தாண்டி நீர் எதிரேற இயலாது. பழுதடையாத, செலவற்ற ஒருவழிக் கதவு அந்த இடைவெளியே.

இறுதியாக, அண்மைக் காலத்திற்கு வருவோம். 2023 ஜூலை 13 அன்று தில்லி பழைய ரயில் பாலத்தில் யமுனையின் மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற உச்சம் முறிந்தது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. இந்திரப்பிரஸ்தம் அருகே 12ஆம் எண் வடிகாலின் மதகு சேதமுற்றது. ஆற்றுக்குள் நகரின் நீரை விட வேண்டிய அவ்வாய் வழியே ஆறு நகருக்குள் புகுந்து, உச்ச நீதிமன்றத்தின் அண்மை வரை வந்தது. ஒரு கதவு பழுதானதால் ஒரு தலைநகரம் நனைந்தது.

1955இல் கதவே இல்லை. 2023இல் கதவு இருந்தும் தாங்கவில்லை. கதவு அமைப்பதோடு கடமை முடிவதில்லை, ஆண்டுதோறும் அதனைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்து வாசிக்கும்போது உணர்கிறோம். தம் வீட்டில் வால்வு பொருத்துவோர் மழைக்கு முன் அதன் மூடியைத் திறந்து பார்க்கட்டும். அதே கேள்வியைத் தம் நகராட்சியிடமும் கேட்கட்டும்: நம் வடிகால்களின் மதகுகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? வீட்டு வால்வு ஒரு குடும்பத்தைக் காக்கும். தெருச் சாக்கடை ஏன் நிரம்புகிறது என்பதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு அதனால் நகராட்சியை விட்டு நீங்கிவிடாது. 29,300 என்ற எண்ணுக்குள் இருந்தவர்களில் எவரும் தம் வீட்டுக் குழாயில் தவறு செய்தவர்கள் அல்லர். அவர்கள் நீர் அருந்தினார்கள்; அவ்வளவே.