கணினி போட்ட குறிகள்

இனிப் புற்றுநோயை மெஷினே கண்டுபிடிச்சிடும் எண்டு நியூஸ்ல அடிக்கடி வருது. இதே கதையை உலகம் ஏற்கெனவே ஒருக்காக் கேட்டிருக்கு. அது எப்படி முடிஞ்சது எண்டு பார்ப்பம்.

கட்டி கைக்குத் தட்டுப்பட முதலே மார்பகப் புற்றுநோயைக் காட்டக்கூடிய எக்ஸ்ரே படம்தான் மமோகிராம். பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பெண்களில் ஐந்தாறு பேருக்குத்தான் நோய் இருக்கும். நாள் முழுக்கப் படம் பார்க்கிற வைத்தியரின் கண் அதில ஒண்டைத் தவறவிடலாம்.

கணினியைக்கொண்டு மமோகிராம் வாசிக்கும் முயற்சி 1967இலேயே ஆய்விதழில் வெளிவந்தது. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தது. சந்தேகமான இடங்களில் கருவி குறி போடும். வைத்தியர் திரும்பப் பார்ப்பார். அரச மருத்துவக் காப்புறுதி அதற்கெண்டு மேலதிகக் காசும் கொடுத்தது. 2008இல் அந்தக் காப்புறுதியில் எடுத்த மமோகிராம்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று கருவியோடுதான் வாசிக்கப்பட்டன.

ஆனா 2007இலேயே ஒரு பெரிய ஆய்வு வந்திருந்தது. 43 நிலையங்கள், 222,135 பெண்கள். கருவி வந்த இடங்களில் பயொப்சி ஏறக்குறைய 20 வீதம் கூடியது. கண்டுபிடித்த புற்றுநோயோ குறிப்பிடும்படி கூடவில்லை. 2015இல் வந்த இன்னொரு ஆய்வும் பயனில்லை என்றே சொன்னது. அப்போது வருடத்துக்கு 400 மில்லியன் டொலருக்கு மேல் இதற்குச் செலவாகிக்கொண்டிருந்தது.

ஏன் பிழைத்தது? எதைத் தேடவேணும் எண்டு மனிதர் எழுதிக்கொடுத்த விதிகளில் அது இயங்கியது. கண்டதுக்கெல்லாம் குறி போட்டது. இப்போதைய செயற்கை நுண்ணறிவு, முடிவு தெரிந்த ஏராளமான படங்களிலிருந்து தானே பழகுகிறது. சுவீடனில் 2021இல் தொடங்கிய 'மசாய்' ஆய்வில் 80,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அங்கே வழமையாக ஒரு படத்தை இரண்டு வைத்தியர்கள் பார்ப்பார்கள். ஒரு பாதியில், ஆபத்துக் குறைவெண்டு கருவி சொன்ன படத்தை ஒருவர் மட்டும் பார்த்தார். வாசிப்பு வேலை 44 வீதம் குறைந்தது. கண்டுபிடிப்பு ஆயிரத்துக்கு 5.1இலிருந்து 6.1 ஆனது. வீண் அழைப்புகள் கூடவில்லை.

நல்ல செய்திதான். ஆனா கூடக் கண்டுபிடித்த அந்த ஒண்டு, விட்டிருந்தால் உயிரை எடுத்திருக்குமா? சில புற்றுநோய்கள் ஒருபோதும் தொந்தரவு தராது. அதற்கும் சத்திரசிகிச்சை செய்தால் நட்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

முதல் தடவை கருவியைப் பரப்பிவிட்டுத்தான் சோதித்தார்கள். தேவையில்லாமல் ஊசி குத்துப்பட்டு, ரிசல்ட் வரும்வரை பயந்துகொண்டு இருந்த பெண்கள்தான் அதுக்கு விலை கொடுத்தார்கள். அடுத்தமுறை 'மெஷின் வைத்தியரை வென்றது' எண்டு தலைப்பைப் பார்த்தால் ஒண்டு கேளுங்கோ: எத்தனை பேரில, எதோட ஒப்பிட்டுப் பார்த்தவை?