யாழ்ப்பாணத்துப் பழைய மோட்டார் வண்டிகளும் அவற்றைப் பேணுதலும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனத்தை அறியாதார் நம்முள் அரியர். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம் ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைக் காக்குமாறு பணிப்பதோடு, உடைந்த மரக்கலங்களுக்கும் ஒரு நீதி கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் சிதைந்தால் நான்கில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. கைவிடப்பட்டுக் கிடக்கும் ஊர்தி யாருக்கு உரியது, அதில் எதனைக் காப்பது என்னும் வினா நம் தீவுப்பகுதிக்குப் புதியதன்று என்பதற்காகவே இதனை ஈண்டு முதலிற் குறித்தேன். இக்கட்டுரை மரக்கலத்தைப் பற்றியதன்று. நம் ஊர்க் கொட்டில்களிலும் மாமர நிழல்களிலும் கறள் பிடித்துக் கிடந்த மோட்டார் வண்டிகளைப் பற்றியது.

அனலைதீவிற் பிறந்த ஒருவன் கார்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். எங்கள் தீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து வள்ளத்திலேயே செல்லல் வேண்டும். ஆயினும் புகையிலையாலும் தென்னிலங்கைக் கடைகளாலும் பொருளீட்டிய தீவார் சிலர் கார் வைத்திருந்தனர். வண்டி அக்கரையில் உறவினர் வளவில் நிற்கும். உடையவர் இக்கரையில் இருப்பார். சிறுவயதில் எமக்குக் கார் என்பது கடலுக்கு அப்பால் நமக்காகக் காத்திருக்கும் ஒரு பொருளாகவே இருந்தது.

இவ்வண்டிகள் இலங்கைக்கு வந்த காலம் தெளிவானது. இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா தன் கடனைத் தீர்க்க ஏற்றுமதியைப் பெருக்கிற்று. பேர்மிங்காமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1947 இல் ஒஸ்ரின் ஏ 40 டெவன் உருவாயிற்று. 1952 முதல் 1954 வரை அதன் வழித்தோன்றலான சோமர்செற் வெளிவந்தது. 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் ஏறக்குறைய 40 குதிரைவலுவும் உடைமையால் ஏ 40 எனப் பெயர் பெற்றது. ஒக்ஸ்போட்டின் கௌலியில் உருவான மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1971 வரையில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. கொரியப் போர்க்காலத்தில் இறப்பர் விலை ஏறி இலங்கையின் கையிற் பணம் புழங்கியமையும் இவ்வண்டிகள் பெருகியதற்கு ஒரு காரணம் என்க.

மொறிஸ் மைனரை வகுத்த அலெக் இசிகோனிஸ் சிமிர்னாவிற் பிறந்தவர். மாதிரி வண்டி முற்றுப்பெறும் தறுவாயில் அது ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. உடனே அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகற்றிப் பார்த்தார். அவ்வளவே சரியெனக் கொண்டார். முன்பே செய்து வைத்திருந்த தாங்குசட்டங்களை வீணாக்காது நடுவே அறுத்து ஒட்டுப்போட்டனர். தொடக்ககால மைனர்களில் அவ்வொட்டு இன்றும் தெரியும். பழைய வண்டியைத் தொழிற்சாலைத் தூய்மைக்கு மீட்கவேண்டும் என்று வாதிடும் அன்பர்கள், தொழிற்சாலையிலேயே அது ஒட்டுடன் பிறந்ததை மறத்தலாகாது.

இலக்கத் தகடும் ஒரு சாசனமே. பழைய வண்டிகளில் சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என். என்றாற்போல ஆங்கில எழுத்திரட்டைகள் காணப்படும். அவை சிலோன் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 1957 ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பதியப்பட்டவற்றுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து விதிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் அதனை எதிர்த்து, அவ்விடத்தில் தமிழ் ஸ்ரீயைப் பொறித்து வண்டி ஓட்டிச் சிறை சென்றனர். 1958 இல் தெற்கிலே தமிழெழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. ஆகவே ஒரு வண்டி 1956 இற் பதியப்பட்டதா, 1958 இற் பதியப்பட்டதா என்பது வண்டியின் வயதை மட்டும் சொல்வதன்று. அண்மைக்காலத்தில் இவற்றைப் புதுக்குவோர் சிலர் பழைய தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுத் தகட்டைப் பூட்டுகின்றனர். ஏட்டுச்சுவடியின் முதலேட்டைக் கிழிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறக்கப்படும்வரை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்த வண்டிகளையே ஓட்டல் வேண்டியதாயிற்று. கராச்சுகளிலும் கம்மாலைகளிலும் நம்மவர் கைத்திறன் வளர்ந்தது அக்காலத்திலேயே. உதிரிப்பாகம் கிடையாதெனின் கடைந்து செய்தனர். செய்ய இயலாதெனின் வேறொரு வண்டியின் பாகத்தைத் தேய்த்துப் பொருத்தினர். பின்னர் வந்த பெருஞ்சோதனைக்கு இது பயிற்சியாயிற்று.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் முதலியன தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டிலேயே தீவுப்பகுதி படையினர் வசமாக, எம்மவரிற் பலர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். யானும் பத்து வயதளவில் அவ்வாறு சென்றவனே. ஜாம் போத்தல் விளக்கிற் படித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் என் வயதினர் அனைவரும் அறிந்தவை. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பற்றி ஒருவரும் ஒழுங்காக எழுதி வைத்திலர். ஆதலின் சற்று விரித்துரைக்கின்றேன்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதன்று. குளிர்ந்த இயந்திரத்தில் அது துளியாகவே நின்றுவிடும், பற்றாது. எனவே முதலிற் சிறிது பெற்றோல் வேண்டும். அழுத்தினாற் பீச்சும் சிறு போத்தல் ஒன்றிற் பெற்றோலை வைத்து, காபுரேற்றரின் வாயிற் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். குழந்தைகளின் பாற்போத்தலை ஒத்தமையால் அதனைச் சூப்பி என்றே வழங்கினர். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பர். காரில் இதனைச் செம்மையாகச் செய்ய விரும்பியோர் முன்மூடியின் கீழ் ஒரு சிறு பெற்றோற் கலத்தைப் பொருத்தி, இரு குழாய்களையும் ஒரு திருகுவாயில் இணைத்தனர். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புதல் வேண்டும். அன்றேல் அடுத்த முறை கிளப்புதல் அரிதாம்.

இம்முறை நம்மவர் கண்டுபிடிப்பு மட்டுமன்று. 1949 முதல் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலிற் கிளம்பிப் பின் மண்ணெண்ணெயை ஒத்த ஓர் எரிநெய்யில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. பழைய ஒஸ்ரினுக்கும் மொறிஸுக்கும் இது இயன்றமைக்குக் காரணங்கள் உள. அவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை அண்மியது. பத்துக்கு ஒன்று எனவுள்ள இக்கால இயந்திரத்தில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முன்பே வெடித்து ஆடுதண்டைத் தாக்கும். அன்றியும் அவற்றிற் புகை வெளியேறும் குழாயும் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் நெருங்கி நின்றமையால், ஒன்றின் வெப்பம் மற்றதன் மண்ணெண்ணெயை ஆவியாக்கிற்று. பற்றரி இன்றேல் முன்புறத் துளையிற் கம்பியைச் செருகிக் கையாற் சுழற்றிக் கிளப்பலாம். இத்துணையும் ஒருங்கே வாய்த்தமையால், பின்னர் வந்த யப்பானிய வண்டிகள் பல முடங்கிக் கிடக்க, வயது முதிர்ந்த ஏ 40 வைத்தியசாலைக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடிற்று. விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது; பொறிச்செருகிகள் கரி பிடித்தன; வெண்புகை கண்ணை எரித்தது. பல இயந்திரங்களின் ஆயுள் அவ்வாறு குறைந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், கார்களிற் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே விடப்பட்டன. திரும்பி வந்தோர் சக்கரமற்ற உடல்களையும் கதவற்ற கூடுகளையும் கண்டனர். 2002 இல் ஏ 9 வீதி திறந்தபின் புது வண்டிகள் வந்தன. பழையவற்றை விலைக்குக் கேட்டு ஆட்களும் வந்தனர்.

இவ்விடத்து ஒரு முரணைக் கூறல் வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை 1976 முதல் நடாத்திய சாள்ஸ் வெயர் என்பார், கார் என்பது எறிந்துவிடும் பொருளன்று, தலைமுறைக்குத் தலைமுறை திருத்தி ஓட்டத்தக்கது என்று வாதிட்டு 1980 களில் நூலும் எழுதினார். 1990 களின் தொடக்கத்தில் அவர் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, தென்னிலங்கையில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்விக்கும் தொழிலைத் தொடங்கினார். நம் கொல்லர் உடைந்த வாளியின் தகரத்தை வெட்டி மைனருக்கு ஒட்டுப்போட்ட அதே காலத்தில், அதே நாட்டில், புதுத் தகடுகள் அழுத்தப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

இனிக் கறளைப் பற்றி. சோளகம் வீசும் மாதங்களில் தீவுப்பகுதிக் காற்று உப்பைச் சுமந்து வரும். மொறிஸ் மைனருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். கதவின் கீழுள்ள பெட்டித் தகடுகளும் பின்வில்லைத் தாங்கும் இடமும் அரிக்கப்பட்டால் வண்டி நடுவே தளர்ந்துவிடும். சோமர்செற்றுக்கோ கனத்த தனிச் சட்டம் உண்டு. மேலுடல் ஓட்டையானாலும் கீழுள்ளது தாங்கும். கரையோர ஊர்களில் எஞ்சியவற்றுள் எதனை மீட்பது எளிது என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கின்றது. பூச்சின் பளபளப்பைக் கண்டு மைனர் வாங்கி ஏமாந்தோரை யான் அறிவேன். முதலில் நிலத்திற் படுத்துக் கீழே பார்க்க வேண்டும்.

என் அம்மான் ஒருவரின் ஏ 40 சோமர்செற் தடைக்காலம் முழுவதும் வாடகைக்கு ஓடிற்று. 1995 இற்குப் பின் அது மாமரத்தின் கீழ் இருபது ஆண்டுகளுக்கு மேற் கிடந்தது. மச்சான் அதனை மீட்க முற்பட்டபோது எழுபது வயதைக் கடந்த பொறிதிருத்துநர் ஒருவர் உதவிக்கு வந்தார். இறுகிய இயந்திரத்தை அவர் அவசரப்பட்டுச் சுழற்றவில்லை. பொறிச்செருகித் துளைகள் வழியே எண்ணெய்க் கலவை வார்த்து ஒரு கிழமை ஊறவிட்டார். பின் கையால் அரைச் சுற்று, மறுநாள் முழுச்சுற்று. மூன்றாம் கிழமையில் முன்மூடியின் கீழ்ப் படிந்திருந்த மண்ணையும் குளவிக்கூட்டையும் அகற்றுகையில், பால்மா ரின் ஒன்றினாற் செய்த சிறு கலமும் செப்புக் குழாயும் பித்தளைத் திருகுவாயும் வெளிப்பட்டன. பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, “இது என்ர கைவேலை” என்றார் முதியவர்.

மச்சான் அதனைக் கழற்ற விரும்பினார். லோங்பிறிட்ஜில் இருந்து வந்தபோது அது இல்லையே என்பது அவர் வாதம். வாங்க விரும்பியவரும் அதையே கேட்டாராம். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிடல் முடியாது. பழுதுபட்ட பெற்றோற் குழாய் தீயை வருவிக்கும். ஆயினும் பயன்படுத்தாது அடைத்து, இருந்த இடத்திலேயே விட்டுவைத்தல் இயலும். சரித்திர ஊர்திகளுக்கான சர்வதேசச் சங்கம் 2013 இல் நிறைவுசெய்த தூரின் பட்டயம், கட்டடப் பாதுகாப்புக்கு 1964 இல் எழுந்த வெனிஸ் பட்டயத்தைப் பின்பற்றி, பேணுதல் வேறு, புதுக்குதல் வேறு எனப் பிரித்து, ஊர்தி தன் வாழ்நாளிற் பெற்ற சுவடுகளுக்கும் மதிப்பளிக்கின்றது. கியூபாவில் 1960 களில் அமெரிக்கா விதித்த தடையின் பின், பழைய அமெரிக்க வண்டிகள் பிறநாட்டு டீசல் இயந்திரங்களோடு ஓடுகின்றன. அவற்றைக் காணச் செல்வோர் அவ்வொட்டுகளையே வியக்கின்றனர். 1953 இல் வந்த ஏ 40 உலகில் எத்தனையோ உண்டு. மண்ணெண்ணெய்த் திருகுவாயுடன் கூடிய ஏ 40 நம் குடாநாட்டுக்கே உரியது. அதனைக் கழற்றினால் எஞ்சுவது இங்கிலாந்தின் வரலாறு, நம்முடையதன்று.

என் சொல் எடுபடவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, பழைய வண்டிகளின் விலை ஏறிற்று, வண்டி கைமாறிற்று. 2022 இற் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது அம்முதியவரிடம் பழைய முறையைக் கேட்க இளைஞர் சிலர் சென்றனராம். இக்கால வண்டிக்கு அது ஆகாது என்று திருப்பி அனுப்பினார்.

திருகுவாய் மட்டும் என்னிடம் உள்ளது. அதனையும், முதியவர் சொல்லச் சொல்ல யான் வரைந்த குழாயமைப்பின் படத்தையும் கல்லூரி நூலகத்திற்கு ஒப்படைக்க எண்ணியுள்ளேன். பழைய மாணவருட் பலர் வீட்டில் அக்காலக் கார்களின் பதிவுப் புத்தகங்களும் நிழற்படங்களும் இருத்தல் கூடும். அவற்றை எறியாது நூலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். படத்தின் பின்புறத்தில் ஊரும் ஆண்டும் எழுதி அனுப்புக. கராச்சுகளில் வேலை செய்த முதியோர் எஞ்சியிருக்கும் ஊர்களில், உயர்தர வகுப்பு மாணவர் வரும் விடுமுறையிலேனும் அவர்களை அணுகி அவர்கள் கூறுவதைக் குறித்துக்கொள்ளல் நன்று.