துயரக் காலத்தின் பதினேழாம் நாள்

1865ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை நண்பகல். ஜப்பான் நாட்டின் நாகசாகித் துறைமுகத்தில், ஓரா என்னுமிடத்தில் புதிதாய் எழுந்திருந்த ஆலயத்தின் முன்னே ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாய் ஏறத்தாழப் பதினைந்து பேர் வந்து நின்றனர். அயல்நாட்டாருக்கெனக் கட்டப்பட்ட ஆலயம் அது. அதன் பொறுப்பில் இருந்த பெர்னார் பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குரு கதவைத் திறந்துவிட்டு, பீடத்தின் முன் முழந்தாளிட்டார். வந்தவர்களுள் ஒரு பெண் அவரருகே வந்து, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அடுத்து, அன்னை மரியாவின் சுரூபம் எங்கே என்று வினவினார்.

அவர்கள் உராகாமி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அன்னையின் சுரூபத்தின் முன் நின்று அவர்கள் மற்றொன்றும் கூறினர்: ஆண்டவரின் பிறப்பு விழாவைத் தாங்கள் கொண்டாடுவதாகவும், இப்போது துயரக் காலத்தின் பதினேழாம் நாளில் இருப்பதாகவும் தெரிவித்தனர். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் மார்ச் முதல் நாளன்று வந்தது. ஆகவே உரோமையின் கணக்கிலும் அன்று தவக்காலத்தின் பதினேழாம் நாளே! 220 ஆண்டுகளாகக் குருவின் முகத்தையே கண்டறியாத மக்கள் தவக்காலத்தை ஒரு நாளும் பிசகாமல் எண்ணி வந்திருந்தனர்.

இஃது எவ்வாறு இயன்றது?

1549 ஆகஸ்டு 15 அன்று கடலில் வந்து ககோஷிமாவில் இறங்கிய புனித சவேரியார், ஜப்பானில் நற்செய்தி விதையை ஊன்றினார். 1542 முதல் நமது முத்துக்குளித்துறையில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்து, தாம் இல்லாத நாளிலும் மக்கள் செபிக்கும்படி ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்திய அதே சவேரியார்தாம். அவருக்குப் பின் வந்த இயேசு சபையினரின் உழைப்பால் அங்குத் திருச்சபை இலட்சக்கணக்கில் பெருகிற்று. அச்சமும் உடன் பெருகிற்று. 1587இல் மறைப்பணியாளரை வெளியேற்றும் ஆணை பிறந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகிக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையுண்டனர். நம் நாட்டின் வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா அவர்களுள் ஒருவர். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1644இல், எஞ்சியிருந்த கடைசிக் குருவும் மறைசாட்சியாய் உயிர்நீத்தார்.

அதன்பின் திருப்பலியில்லை, நற்கருணையில்லை, பாவமன்னிப்பு வழங்கும் குருவில்லை. மக்கள் யாவரும் பௌத்த ஆலயங்களில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஐந்து ஐந்து குடும்பங்களாகப் பிணைக்கப்பட்டு, ஒருவர் குற்றத்திற்கு மற்றவரும் பொறுப்பாயினர். காட்டிக்கொடுப்பவனுக்கு வெள்ளிக்காசு கிடைத்தது. நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் அழைக்கப்பட்டு, கிறிஸ்துவின் அல்லது அன்னை மரியாவின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. மிதிக்க மறுத்தவர் கிறிஸ்தவர் எனப் பிடிபட்டார்.

அன்பர்களே, இங்கே ஒரு கணம் நிற்போம். மறுத்தவர்கள் மாண்டனர், அவர்களைத் திருச்சபை போற்றுகிறது, போற்றவும் வேண்டும். ஆனால் 1865இல் ஓரா ஆலயத்தின் கதவருகே வந்து நின்றவர்கள், பெரும்பாலும் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள். தாங்களே மிதித்தவர்களும் அவர்களிடையே இருந்திருக்கக்கூடும். இதை மறைத்துவிட்டு அவர்களுடைய விசுவாசத்தைப் புகழ்வது முறையாகாது.

மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? கதவை அடைத்துக்கொண்டு மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார்கள். குருக்கள் இல்லாத காலம் வரக்கூடும் என்று முன்னுணர்ந்தோ என்னவோ, 1603இலேயே உத்தம மனஸ்தாபத்தைப் பற்றிய சிறு நூலொன்று ஜப்பானிய மொழியில் வெளியிடப்பட்டிருந்தது. அதனைக் கையால் பெயர்த்தெழுதியும் மனத்தில் பதித்தும் தலைமுறை தலைமுறையாய்க் காத்தனர். தண்டனைக்கு அஞ்சி அன்று, இறைவன்மீது கொண்ட அன்பினால் பாவத்துக்காக வருந்துபவர், வாய்ப்புக் கிடைத்தவுடன் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய உறுதி கொண்டால், அதற்கு முன்னரே இறைவனோடு ஒப்புரவாகிறார் என்பது 1551இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் எடுத்துரைத்த படிப்பினை.

இந்த இரண்டாம் நிபந்தனையை நாம் கவனிக்க வேண்டும். குரு வருவார், அவரிடம் அறிக்கையிடுவேன் என்ற உறுதியும் அச்செபத்தோடு சேர்ந்தது. எனவே வருந்தியபோதெல்லாம் அவர்கள் குருவை எதிர்பார்த்தனர். ஏழு தலைமுறைக்குப் பின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் பெரிய கப்பல்களில் வருவர் என்று பஸ்தியான் என்னும் உபதேசியார் உரைத்ததாக ஒரு மரபு அவர்களிடையே வழங்கிற்று. அந்த எதிர்பார்ப்பைத் தாங்க மூவர் பொறுப்பேற்றனர்: ஒருவர் திருநாள்களைக் கணித்தார், ஒருவர் திருமுழுக்கு அளித்தார், ஒருவர் வீடு வீடாய்ச் செய்தி சொன்னார். மூவரும் உழவும் மீன்பிடிப்பும் செய்து பிழைத்த பொதுநிலையினரே.

அடுத்த ஆண்டும் மிதிக்க நேரும் என்று அறிந்தவரின் மனஸ்தாபம் மெய்யானதா? குருமடத்தில் இறையியல் பயின்ற எவருக்கும் இவ்வினா எழும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்த எனக்கோ அவர்களைத் தீர்ப்பிடத் துணிவில்லை. அதே பாவத்தை அதே கண்ணீரோடு மீண்டும் மீண்டும் கொண்டுவருவோரை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

வினாவுக்கு வரலாறு ஒரு விடை சொல்லுகிறது. 1867இல் உராகாமி மக்கள், இறந்தோரைப் பௌத்த முறைப்படி அடக்கம் செய்ய வெளிப்படையாகவே மறுத்தனர். தடைச்சட்டம் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. ஏறக்குறைய 3,400 பேர் ஊரைவிட்டுப் பல மாநிலங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். பசியிலும் குளிரிலும் வதையிலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1873இல் தடை தளர்ந்து, எஞ்சியோர் ஊர் திரும்பினர். ஏழு தலைமுறை அஞ்சி மிதித்தவர்களின் மக்கள், எட்டாம் தலைமுறையில் அஞ்சாது நின்றனர். திரும்பியவர்கள், தம் முன்னோர் உருவத்தை மிதிக்க அழைக்கப்பட்ட ஊர்த்தலைவர் வீட்டு மனையையே விலைக்கு வாங்கி, அவ்விடத்தில் பேராலயம் எழுப்பினர். 1914இல் அது அர்ச்சிக்கப்பட்டது. எல்லாரும் திரும்பி வந்தனர் என்று சொல்வதற்கில்லை. சில தீவுகளில், முன்னோர் வழியே போதுமென்று தனித்து நின்றவர்களும் உண்டு.

அப்பேராலயத்தின் மிக அருகில்தான் 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு வெடித்தது. விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக அவ்வேளையில் இரு குருக்கள் உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களும் காத்திருந்த மக்களும் அங்கேயே மாண்டனர். உராகாமியின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் அழிந்தனர். மீந்தவர்கள் இடிபாட்டைத் தோண்டி ஆலய மணியை மீட்டு, அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்புக்கு ஒலிக்கச் செய்தனர்.

2020ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் கொள்ளைநோயால் நம் ஆலயங்களும் அடைபட்டன. “பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் பாஸ்காவா, சாமி?” என்று தொலைபேசியில் அழுதவர்களுக்கு மறுமொழி சொல்லத் தடுமாறினேன். அவ்வாண்டு மார்ச் 20 அன்று, காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், குரு கிடைக்காதவர்கள் இறைவனிடம் நேரே மனம் வருந்தி மன்றாடி, பின்னர்க் குருவிடம் செல்லுமாறு அறிவுறுத்தினார். உராகாமி மக்கள் கைக்கொண்ட அதே வழி! நம்மிடையே எத்தனைப் பேருக்கு அம்மந்திரம் மனப்பாடமாயிருந்தது என்பதை அந்நாளில்தான் அறிந்தேன். அது மகிழ்ச்சி தந்த செய்தியன்று.

இடுக்கண் வருமுன் சொல்லிவிட்டு வருவதில்லை. வீட்டில் ஒருவரேனும் ஆபத்துவேளைத் திருமுழுக்கு அளிக்கும் முறையை அறிந்திருக்கட்டும். ஒருவரேனும் திருவழிபாட்டு நாள்களைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லட்டும். இரவு செபத்தில் மனஸ்தாப மந்திரம் விடுபடாதிருக்கட்டும். வீழாதிருக்க வரம் கேட்போம். வீழ்ந்தால், கதவை அடைத்துக்கொண்டு முழந்தாளிடவும், திறந்திருக்கும் ஆலயத்தை மறுநாளே தேடிச் செல்லவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.