உள்ளே திறந்த கதவுகள்

கதவு கள்வனை எண்ணிச் செய்யப்பட்ட பொருள். தாழும், பூட்டும், குறுக்குமரமும், வாயிற்காவலனும் வெளியே நிற்பவனை உள்ளே விடாது தடுப்பதற்காக ஏற்பட்டவை. வீட்டுக் கதவு உட்புறமாகத் திறப்பதும் பெரும்பாலும் இதுபற்றியே. கீல்கள் உள்ளே இருந்தால் அவற்றைக் கழற்றிக் கதவைப் பெயர்ப்பது கள்வனுக்கு இயலாது. அவன் தள்ளும்போது உள்ளே இருப்போர் முட்டுக் கொடுப்பதும் எளிது. பன்னெடுங்காலம் மனிதன் இவ்வாறே கதவமைத்து வாழ்ந்துவந்தான். உள்ளே இருப்பவன் ஓடி வெளியேற வேண்டிய வேளையும் வரும் என்பதைச் சட்டமாக எழுதிவைக்கும் எண்ணமோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் வலுப்பெற்றது. அவ்வெண்ணம் அறிஞர் சபைகளிற் பிறந்ததன்று. தீயிலிருந்து தப்பும் வழிபற்றி இன்று நடைமுறையிலுள்ள விதிகளிற் பலவற்றுக்குப் பின்னால் ஓர் ஊரின் பெயரும், ஒரு நாளும், இறந்தோர் தொகையும் இருக்கின்றன.

அவற்றுள் மிகத் துயரமான ஒன்றிலே தீயே இருக்கவில்லை என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாந்து நகரில், 1883 ஆம் ஆண்டு யூன் மாதம் 16 ஆந் திகதி, விக்டோரியா மண்டபத்திலே சிறுவர்க்கான செப்படி வித்தைக் காட்சியொன்று நடைபெற்றது. காட்சி முடியும் தறுவாயில் மேடையிலிருந்து கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. மேன்மாடத்திலிருந்த பிள்ளைகள், தமக்குக் கிட்டாது போய்விடுமோ என்றஞ்சி, படிக்கட்டு வழியே கீழே ஓடினர். படியின் அடியிலிருந்த கதவு அவர்கள் வந்த பக்கமாகவே திறப்பது. ஒரு பிள்ளை மாத்திரம் நுழையத்தக்க இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டுக்களைச் சரிபார்ப்பதற்காக என்பர். முன்னே வந்தோர் அவ்விடைவெளியிற் சிக்கினர். பின்னே வந்தோர் நடப்பதை அறியாது அவர்கள்மீது விழுந்தனர். 183 பிள்ளைகள் மூச்சடைத்து மாண்டனர்.

இதன் பின்னர், பொதுமண்டபங்களின் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும் என்னும் விதி பிரித்தானியச் சட்டத்தில் இடம்பெறலாயிற்று. 1892 இலே, றொபேட் அலெக்சாந்தர் பிறிக்ஸ் என்பவர், உள்ளிருந்து உடலால் அழுத்தினாலே தாழ் விடுபட்டுக் கதவு திறந்துகொள்ளும் பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். திறப்புந் தேவையில்லை, கைப்பிடியைத் தேடவும் வேண்டியதில்லை. கூட்டத்தின் நெருக்குதலைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்த இக்கருத்து மிக எளியது; அது தோன்றுவதற்கு இத்தனை பிள்ளைகளின் உயிர் வேண்டியிருந்தது என்பதே கொடுமை.

வீடுகளின் கதை சற்று வேறு. 1860 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் நியூயோர்க் நகரின் எல்ம் வீதியில், பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த மாடிக் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியது. மரப்படிக்கட்டு எரிந்துபோகவே, மேல் மாடிகளில் இருந்தோர் இறங்க வழியின்றி இறந்தனர். அவ்வாண்டிலேயே, எட்டுக் குடும்பங்களுக்கு மேற்பட்டோர் வாழும் கட்டடங்களுக்குத் தீப்பற்றாத படிக்கட்டேனும் வெளிப்புற வழியேனும் இருத்தல்வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. 1867 இல் அது மேலும் விரிந்தது. அந்நகரத்து வீடுகளின் முகப்புக்களிற் காணப்படும் இரும்பு ஏணிப்படிகள் இவ்வாறு வந்தவையே. வறிய மக்களுக்கு அவை வேறு பயனும் தந்தன. கோடை இரவுகளிற் புழுக்கந் தாங்காதோர் அவற்றின்மீது பாய் விரித்துறங்கினர், துணி உலர்த்தினர், பூச்சட்டிகளும் பெட்டிகளும் அடுக்கினர். அவற்றில் எதையும் வைக்கலாகாது என்று அதிகாரிகள் பின்னர் விதி செய்யவேண்டியதாயிற்று. தப்பும் வழி நாள்தோறும் பயன்படாத வழியாக இருப்பதே அதற்குப் பகையாய் முடிகிறது.

சிக்காகோ நகரின் இறொக்குவா நாடகசாலை 1903 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30 ஆந் திகதி எரிந்தபோது 602 பேர் மாண்டனர். அது திறக்கப்பட்டு ஆறு வாரந்தானும் கடந்திருக்கவில்லை. தீயால் அழிக்கவொண்ணாதது என்று விளம்பரஞ் செய்யப்பட்ட கட்டடம் அது. வெளியேறும் வாயில்கள் பல திரைச்சீலைகளால் மறைக்கப்பட்டிருந்தன, சில பூட்டப்பட்டிருந்தன, வேறு சிலவற்றின் தாழ், மக்கள் கண்டறியாத புதுவகையாயிருந்தது.

எனினும், தொழில் செய்யும் இடங்களிலே இவ்வெண்ணம் வேரூன்றுவதற்குக் காரணமானது, 1911 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25 ஆந் திகதி, சனிக்கிழமை மாலை, நியூயோர்க்கில் நிகழ்ந்த தீவிபத்தேயாகும்.

வாசிங்டன் பிளேஸ், கிறீன் வீதி ஆகிய இரண்டும் சந்திக்கும் மூலையில், ஆஷ் கட்டடம் எனும் பத்து மாடிக் கட்டடம் நின்றது. அதன் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில் ட்றையாங்கிள் என்னும் பெயர்கொண்ட ஆடைத் தொழிற்சாலை இயங்கியது. பெண்கள் அணியும் மேற்சட்டைகள் அங்கே தைக்கப்பட்டன. வேலையாட்கள் ஏறக்குறைய ஐந்நூறு பேர். பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து அண்மையில் வந்து குடியேறிய யூத, இத்தாலியப் பெண்கள். பதினான்கு வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். 1909 ஆம் ஆண்டு இந்நகரத்துத் தையற் பெண்கள் இருபதினாயிரம் பேர்வரையில் வேலைநிறுத்தஞ் செய்தபோது இத்தொழிற்சாலைப் பெண்களும் அதில் முன்னின்றனர். வேறு பல முதலாளிகள் சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். மக்ஸ் பிளாங்கும் ஐசாக் ஹரிசும் சங்கத்தை ஏற்கவில்லை.

அக்கட்டடத்தின் அளவுக்கு மூன்று படிக்கட்டுக்கள் இருந்திருத்தல் வேண்டும். இரண்டே கட்டப்பட்டன. பின்புறத்து இரும்பு ஏணியை மூன்றாவதாகக் கணக்கிடலாம் என்று கட்டடக் கலைஞர் வாதித்தார், அதிகாரிகள் இணங்கினர். அந்த ஏணியோ நிலத்தைத் தொடாமல், முற்றத்தின் கண்ணாடிக் கூரைக்கு மேலே முடிந்தது. கதவுகள் இயன்றவரை வெளிப்புறமாகத் திறக்கவேண்டும் என்று சட்டம் கூறியது. படிக்கட்டின் மேடை மிக ஒடுங்கியதாகையால் அவ்வாறு அமைப்பது இயலாதெனக் கூறி உட்புறமாகத் திறக்கும் கதவுகளையே பொருத்தினர். 'இயன்றவரை' என்ற ஒரு சொல் சட்டத்திலே புகுந்துவிட்டால் அதனூடே எத்தனையும் நழுவிப் போகலாம்.

இன்னுமொன்றுண்டு. வேலை முடிந்து செல்லும் பெண்கள் அனைவரும் கிறீன் வீதிப் பக்கத்து வாயிலாலேயே செல்லவேண்டும். அங்கே காவலன் ஒருவன் ஒவ்வொருத்தியின் கைப்பையையும் திறந்து பார்ப்பான். துணியோ சட்டையோ களவு போய்விடலாகாதென்பதற்காக, வாசிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு பூட்டிவைக்கப்பட்டது.

மாலை 4.40 மணியளவில், எட்டாம் மாடியில் வெட்டும் மேசையின் கீழிருந்த கழிவுத் துணித் தொட்டியில் தீப் பிடித்தது. அணைந்தும் அணையாத சிகரெட்டோ தீக்குச்சியோ காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. வாளி வாளியாக நீர் ஊற்றியும் பயனில்லை. எட்டாம் மாடிப் பெண்கள் வாசிங்டன் பிளேஸ் கதவை நோக்கி ஓடி அதன்மேல் நெருங்கினர். உட்புறமாகத் திறக்கும் கதவாகையால் அவர்களது நெருக்கமே அதனை மூடி வைத்தது. பொறி திருத்துவோன் ஒருவன் அவர்களைப் பின்னே தள்ளித் திறந்துவிட்டான். அம்மாடியினர் பெரும்பாலும் பிழைத்தனர். பத்தாம் மாடிக்குத் தொலைபேசியிற் செய்தி சென்றது; அங்கிருந்தோர், முதலாளிகள் உட்பட, கூரைக்கேறி அயற் கட்டடத்திற்குத் தப்பினர். அடுத்திருந்த பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் ஏணி வைத்து உதவினர்.

இடையிலிருந்த ஒன்பதாம் மாடிக்கு எவரும் செய்தி அனுப்பவில்லை. அங்கே தையற் பொறிகள் நீண்ட வரிசைகளாக நெருங்கியிருந்தன. தீயைக் கண்டபின்னரே அவர்கள் தீயை அறிந்தனர். கிறீன் வீதிப் படிக்கட்டு விரைவிலே தீயாற் சூழப்பட்டது. வாசிங்டன் பிளேஸ் கதவு பூட்டியிருந்தது. பின்புற ஏணி பாரந் தாங்காது முறிந்து, அதிலிருந்தோரை முற்றத்திலே வீழ்த்தியது. மின்தூக்கிகளை இயக்கிய யோசப் சிற்றோ, கஸ்பார் மோட்டிலாலோ என்னும் இத்தாலியர் இருவரும் தீயினூடே மீண்டும் மீண்டும் மேலே சென்று பலரை இறக்கினர். இறுதியில் மேலிருந்து குதித்தோரின் பாரத்தால் அவையும் அசைய மறுத்தன. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. விரித்துப் பிடித்த வலைகள், குதித்தோரின் வேகந் தாங்காது கிழிந்தன. ஏறத்தாழ அரைமணி நேரத்திலே எல்லாம் முடிந்தது. இறந்தோர் 146 பேர். அவர்களுள் 123 பேர் பெண்கள். கட்டடமோ பெருஞ் சேதமின்றி நின்றது. தீயால் அழியாத கட்டடம் என்றால் அதனுள் இருப்போர் அழியார் என்று பொருளன்று என்பதை அந்நகரம் அன்று கண்டது.

முதலாளிகள் இருவரும் 1911 டிசெம்பரில் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். தீப் பிடித்த வேளையில் அக்கதவு பூட்டியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பது ஐயமற நிறுவப்படவேண்டும் என நீதிபதி யூரர்களுக்கு விளக்கினார். யூரர்கள் அவர்களைக் குற்றவாளிகளல்லர் எனத் தீர்த்தனர். அவ்வழக்கிலே வெளிப்பட்ட உண்மையொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. களவாற் போன பொருட்களின் பெறுமதி எவ்வளவென்று கேட்டபோது, அது 25 டொலருக்கு மேற்படாது என்று ஹரிஸ் ஒப்புக்கொண்டார். இருபத்தைந்து டொலர்ப் பொருளைக் காக்கவே அக்கதவு பூட்டப்பட்டது. 1914 இல், உரிமை வழக்குகள் உயிரொன்றுக்கு 75 டொலர் வீதம் தீர்க்கப்பட்டன. இதற்கிடையே, 1913 இல், பிளாங்க் வேறொரு தொழிற்சாலையிலும் வேலை நேரத்திற் கதவைப் பூட்டிவைத்ததாகப் பிடிபட்டு, 20 டொலர் தண்டம் இறுத்தார்.

அன்று வீதியில் நின்று இவற்றைக் கண்டோருள் பிரான்செஸ் பேர்க்கின்ஸ் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். அவ்வாண்டு நியூயோர்க் அரசு நியமித்த தொழிற்சாலை விசாரணைக் குழுவில் றொபேட் வாக்னர் தலைவராகவும் அல்பிரட் சிமித் உபதலைவராகவும் இருந்தனர்; பேர்க்கின்ஸ் அதற்காகப் பணிசெய்தார். அறிக்கைகளைப் படித்துவிட்டு அமைதியடைய அவர் அவர்களை விடவில்லை. தொழிற்சாலையொன்றிலே, தீயில் தப்பும் வழி என்று எழுதப்பட்டிருந்த சிறு துவாரத்தினூடே வாக்னரையே ஊர்ந்து போகச் செய்தார். அதன் மறுபுறத்தில், பனிக்கட்டி படிந்து, நிலத்துக்கு 12 அடி மேலே முடிந்துவிடும் செங்குத்தான இரும்பு ஏணி இருந்தது. சட்டம் இயற்றுவோரைச் சட்டத்தின் ஓட்டையினூடே ஊர்ந்து போகச் செய்தல் நல்ல முறைதான். வேலை நேரத்திற் கதவைப் பூட்டலாகாது. கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். தீ ஒத்திகை நடத்தல்வேண்டும். உயர்ந்த கட்டடங்களிலே தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும் என்றெல்லாம் அடுத்த சில ஆண்டுகளிற் சட்டங்கள் வந்தன. பேர்க்கின்ஸ் 1933 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில் அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண் அவரே.

உள்ளிருந்து எளிதில் திறக்கவியலாதபடி தொழிற்சாலைக் கதவைப் பூட்டலாகாதென்பது பிரித்தானியாவின் 1937 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் உண்டு. அதனைத் தழுவி எழுந்த இலங்கையின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தீயிலிருந்து தப்பும் வழிபற்றி விதிக்கின்றது.

நியூயோர்க் விபத்து நிகழ்ந்து 45 நாட்களின் பின், 1911 மே மாதம் 9 ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரத்து எம்பயர் அரங்கில், மாபெரும் லாபாயெற் எனப் பெயர்பெற்ற மாயவித்தைக்காரரின் காட்சியின்போது மேடை தீப்பற்றியது. பாதுகாப்புத் திரை கீழிறக்கப்பட்டது. வாத்தியக் குழுவினர் தேசிய கீதத்தை வாசித்தனர். அவையோர் வழக்கம்போல் எழுந்து, நிரையாக வெளியேறினர். கீதம் முடிவதற்குச் சென்ற காலம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். மேடைப் பக்கத்தில் லாபாயெற்றும் வேறு சிலரும் இறந்தனர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட அவையில் ஓருயிரும் போகவில்லை. ஓர் அரங்கிலிருந்து மக்கள் இரண்டரை நிமிடத்துள் வெளியேறத்தக்கதாகக் கதவுகளும் படிகளும் அமையவேண்டும் எனப் பிரித்தானிய வல்லுநர் பின்னர் கணக்கிட்டதற்கு இந்நிகழ்ச்சியே தோற்றுவாய் என்பர். ஒரு கீதத்தின் நீளம் கட்டட விதியின் அளவுகோலாயிற்று.

அமெரிக்காவிலே தீத்தடுப்புச் சங்கத்தார் 1913 இல் உயிர்ப்பாதுகாப்புக் குழுவொன்றை அமைத்தனர். அதன் உழைப்பு 1927 இல் கட்டட வாயில்கள் பற்றிய விதித்தொகுப்பாக வெளிவந்தது. ஒரு மனிதனின் தோளகலத்தை 22 அங்குலமெனக் கொண்டு, வாயிலின் அகலத்தை அதன் மடங்குகளாற் கணித்தனர். ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கும்படி, இரு வழிகளும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கவேண்டும் என்பதும் அதன் உயிர்நாடியான கொள்கை. வீட்டுக்கும் இக்கொள்கை நீண்டது. உறங்கும் அறைக்குக் கதவோடு, ஆள் நுழைந்து வெளியேறத்தக்க சாளரமும் வேண்டும். அதற்குக் கம்பியிட்டிருந்தால், திறப்பின்றி உள்ளிருந்து விடுவிக்கக் கூடியதாக அது இருத்தல்வேண்டும். கள்வனுக்கஞ்சிச் சாளரந்தோறும் அசையாத இரும்புக் கம்பி பதிக்கும் நாடுகளில் இவ்விதி இன்னும் வேற்றுமொழியாகவே ஒலிக்கின்றது.

பொஸ்ரன் நகரில் 1942 நவம்பர் 28 ஆந் திகதி கொக்கோனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி எரிந்தபோது 492 பேர் மாண்டனர். தலைவாயிலில் இருந்தது சுழற்கதவு. இருபுறமுமிருந்து தள்ளப்பட்டு அது இறுகி நின்றது. வேறு கதவுகள் பூட்டியிருந்தன. சுழற்கதவின் அருகே வெளிப்புறம் திறக்கும் சாதாரணக் கதவுகளும் வேண்டும் என்ற விதி அதன் பின்னர் எழுந்தது.

எனினும் ஆடைத் தொழில் ஏழை நாடுகளை நாடிச் சென்றபோது, பூட்டிய கதவும் அதனோடு கூடவே சென்றது. கராச்சியில் 2012 செப்தெம்பர் 11 ஆந் திகதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலே 250 க்கு மேற்பட்டோர் இறந்தனர். தீ வைக்கப்பட்டதென நீதிமன்றம் 2020 இலே தீர்த்தது. ஆயினும் கம்பியிட்ட சாளரங்களையும் பூட்டிய வாயில்களையும் தீ வைத்தவர் அமைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 24 ஆந் திகதி, டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள அசூலியாவில், தஸ்ரீன் தொழிற்சாலையில் அபாயமணி ஒலித்தபோது, வேலையைத் தொடரும்படி மேற்பார்வையாளர்கள் கூறினர். 112 பேருக்குக் குறையாதோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்த பின்னரே, தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடை வணிகரும் சேர்ந்து பாதுகாப்பு ஒப்பந்தஞ் செய்துகொண்டனர். அதன்படி பங்களாதேசத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்த பரிசோதகர்கள் கேட்டுக்கொண்டவற்றுள் ஒன்று, படிக்கட்டு வாயில்களிற் பூட்டத்தக்கனவாயிருந்த மடிப்பிரும்புக் கதவுகளைக் கழற்றிவிட்டு, வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளைப் பொருத்தும்படி.